ஒரு வாசல் மட்டும் மாறவில்லை

மார்ச் 3

அம்மணிக்கு,

உன் எட்டுப் பிள்ளைகளும் நலம். ஒன்பதாவதாகிய நானும் நலம். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவைப்பது என் வழக்கம்.

நீ விட்டுப்போன ஆய்வுக்கூடத்து மேற்கூரை ஒழுகுகிறதாம். பூசி முடிக்கிற வரைக்கும் இதுகள் உங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கட்டும் என்று உங்கள் மேலாளரம்மா இரண்டு கண்ணாடித் தொட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். நீல மூடித் தொட்டியில் நாலு, வெள்ளை மூடித் தொட்டியில் நாலு. போகிற போக்கில் ஒரு பிரசங்கமும் செய்தார்.

"சார், நீல மூடியில இருக்கிறது கடும் விஷம். தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. கழுவாம வாய்ல வச்சிடாதீங்க."

"அப்ப வெள்ளை மூடி?"

"அதுக்கு விஷம் இல்லைன்னே சொல்லலாம். ஆனா அதையும் வாய்ல வச்சிடாதீங்க."

என்னைப் பார்த்தால் கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போட்டுக்கொள்ளும் ஆள் மாதிரியா இருக்கிறது? கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

இருபத்திரண்டு வருஷமாக நீ 'என் நியூட், என் நியூட்' என்று சொல்லும்போதெல்லாம் பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையாட்டியிருக்கிறேன். நேருக்கு நேர் பார்த்தது இப்போதுதான். பார்வைக்குப் பல்லி, பிறப்பால் தவளைக்குப் பங்காளி, நடையில் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. முதுகு சேற்று நிறம். வயிறு மட்டும் ஆரஞ்சு. சட்டையை உள்ளும் வெளியுமாக மாற்றிப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி.

விஷயம் பரவி, பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் பார்க்க வந்தார். குனிந்தார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார், தொழில் பழக்கத்தில் "கொஞ்சம் வாயைத் திறங்க" என்றார். அது திறந்தது! அம்மணி, சத்தியமாகத் திறந்தது. அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கீங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

பேப்பருக்கு எழுதும் புதன்கிழமை நகைச்சுவைப் பத்தியை இப்போதெல்லாம் இவற்றிடம்தான் படித்துக் காட்டுகிறேன். ஒன்றும் சிரிக்கவில்லை. நீயாவது புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் 'ம்' என்பாய்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, அவசரத்துக்கு மட்டும் போன், மற்றதெல்லாம் தபால் என்று, வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்று ரயிலடியில் நீ போட்ட சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பது உனக்கு எவ்வளவு சௌகரியம்!

ஒரு சந்தேகம். இவ்வளவு விஷத்தைத் தோலில் வைத்துக்கொண்டு இது எப்படிச் சாகாமல் இருக்கிறது?

இப்படிக்கு,
புழு பரிமாறும் உத்தியோகஸ்தன்


மார்ச் 12

வணக்கம்.

முதலில் வேலை. மண்புழுவை முழுசாகப் போடாதீர்கள், நறுக்கிப் போடுங்கள். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது; ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள். நியூட்டுக்குப் பல் உண்டு. மேலண்ணத்திலும் பொடிப்பொடியாக இரண்டு வரிசை இருக்கும். பக்கத்து வீட்டு டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். புழு வாசனைக்கு வாயைத் திறந்திருக்கும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

அடுத்து உங்கள் சந்தேகம். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறீர்கள். பத்திக்கு விஷயம் கிடைக்கவில்லையோ என்னவோ. கேட்டதற்குப் பதில் சொல்வது என் வழக்கம்.

நரம்பு நெடுகச் சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. உப்பில் இருக்கிற சோடியம் அந்த வாசல் வழியாக உள்ளே பாய்ந்தால்தான் சேதி ஓடும். கையை எடு, மூச்சை இழு என்பதெல்லாம் அப்படித்தான் போகிறது. நியூட்டின் விஷம் அந்த வாசலில் தக்கை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். சேதி நின்றுவிடும். தசை தளரும், மூச்சு நிற்கும். பல் டாக்டர் போடுகிற மரத்துப்போகும் ஊசியும் இதே வாசலைத்தான் அடைக்கிறது, வேறு பக்கத்திலிருந்து, கொஞ்ச நேரத்துக்கு.

நியூட்டின் வாசல் நிலையில் ஒன்றிரண்டு கற்கள் மட்டும் மாறியிருக்கின்றன. அதனால் தக்கை பொருந்தி உட்காருவதில்லை. சோடியம் தன்பாட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வாசல் மாறினால் போதாது. தசைக்கு ஒரு வகை வாசல், இதயத்துக்கு ஒரு வகை, மூளைக்குச் சில வகைகள். எல்லாமே மாறியிருக்கவேண்டும். ஒன்றே ஒன்று பழையபடி இருந்தாலும் விஷம் அங்கே தன் வேலையைக் காட்டிவிடும். ஒவ்வொரு வாசலையும் தனித்தனியாக அளக்கிற கருவி இங்கேதான் இருக்கிறது. நான் எதற்கு இவ்வளவு தூரம் வந்தேன் என்று உங்கள் அக்கா ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இதற்குத்தான் என்று சொல்லுங்கள்.

கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கிறது. வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறேன்.

இன்னொன்று. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். ஏப்ரல் கடைசிக்குள் சம்மதம் சொல்லவேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? தயவுசெய்து வேடிக்கை இல்லாமல் எழுதுங்கள்.

நான்


மார்ச் 20

அம்மணிக்கு,

புழுவை நறுக்குகிறேன். காய்கறிக் கத்தியால் அல்ல, பதறாதே. என் பழைய சவரக் கத்தியால்.

அக்கா நேற்று வந்தாள். நீ சொன்ன வாசல் விளக்கத்தை அப்படியே ஒப்பித்தேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா, அவ ஏன் போனா?" என்றாள். தொட்டிப் பக்கம் போய் வயிற்றைப் பார்த்து, "நல்ல கலரு. இந்தக் கலர்ல எனக்கொரு ஸ்வெட்டர் இருந்துச்சு, உங்க அத்தான் அதைப் போட்டுக் காரைத் துடைச்சுட்டார்" என்று அழ ஆரம்பித்தாள். ஸ்வெட்டருக்கா அத்தானுக்கா என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் பற்றிக் கேட்டிருந்தாய். தாராளமாக இருக்கலாம். நீ திரும்பி வருவதற்குள் நியூட்டுகள் குடும்பம் பெருகி, எனக்குச் சமையலறையில் ஒரு மூலை ஒதுக்கித் தரும். இல்லாவிட்டால் நாளைக்கே வந்துவிடலாம். என் மூக்குக்கண்ணாடி பிப்ரவரியிலிருந்து காணவில்லை. எப்படியும் எனக்குச் சம்மதம்.

இப்போது கொஞ்சம் உட்கார்ந்துகொள். உட்கார்ந்தாயா?

போன செவ்வாய்க்கிழமை ஒரு நல்ல பத்தி எழுதினேன். நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம் என்று கூட்டம் பிரிந்து கிடந்தால் படிக்கிறவனுக்கு உற்சாகம் எங்கிருந்து வரும்? அரங்கம் நிறைந்திருக்கவேண்டும். எட்டையும் ஒரே தொட்டியில் போட்டேன். கையுறை போட்டுக்கொண்டுதான், கோபிக்காதே. படித்து முடித்தேன். திருப்பி எடுத்து வைக்கலாம் என்று பார்த்தால், எட்டும் ஒரே முகம். எது நீல மூடி, எது வெள்ளை மூடி?

அந்த மத்தியானம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விஷமில்லாத நாலும் விஷக்காரர்கள் பக்கத்தில் கிடந்து சுருண்டுவிடும் என்று எதிர்பார்த்தேன். பல் டாக்டர் வந்து துணைக்கு உட்கார்ந்தார். "செத்துடுச்சுன்னா எப்படிங்க தெரியும்?" என்றார். "உயிரோட இருக்கும்போதும் இப்படித்தான் இருக்குது, அதான் எனக்கும் குழப்பம்" என்றேன்.

ஒன்றும் சாகவில்லை. இன்று காலை எட்டும் புழு தின்றன. என்னைக் கொல்வதாக இருந்தால் அதையும் உன் ஏப்ரல் கெடுவுக்குள் முடித்துவிடு.

இப்படிக்கு,
கலப்படக்காரன்


மார்ச் 29

வணக்கம்.

உங்கள் கடிதத்தை இங்குள்ள ஆய்வுக்கூடத்தில் நின்றபடி படித்தேன். பிறகு உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னதற்காக அல்ல.

எட்டும் ஒரே தொட்டியில் இருக்கட்டும். மேலாளரம்மா வந்து ஒவ்வொன்றின் தோலிலும் பஞ்சால் ஒற்றி எடுத்துச் சோதித்துப் பிரித்துவிடுவார். அதுவரை யாருக்கும் எதையும் படித்துக் காட்டவேண்டாம்.

வெள்ளை மூடியில் இருந்தவை சாகாது. அவற்றின் வாசல்களும் மாறியவைதான். விஷம் இல்லாத குளத்து நியூட்டுக்கும் விஷத்தைத் தாங்கும் திறன் இருக்கிறது. தாங்குகிற சக்தி கொஞ்சம் கொஞ்சமாக முன்னோரிடமே வந்துவிட்டது, கடும் விஷம் அதற்குப் பின்னால் ஏறியது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். யோசித்தால் நியாயம்தான். தாங்கத் தெரியாதது முதலில் விஷத்தை ஏற்றிக்கொண்டிருந்தால், அன்றைக்கே முடிந்திருக்கும். நீங்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பத்தியில் எழுதாதீர்கள். உங்களுக்கு முன்னாலேயே பலர் எழுதிவிட்டார்கள்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஞாபகம் வந்தது. உங்கள் அப்பா உங்களைக் கேலி செய்வார், நீங்கள் அக்காவை, அக்கா எல்லோரையும். சின்ன வயதிலிருந்தே தினமும் கொஞ்சம் கொஞ்சம் ஏறியதால் உங்களில் யாருக்கும் எதுவும் உறைக்காது. நான் வந்தது ஒருவரை ஒருவர் 'தண்ணீர் வேண்டுமா' என்று மட்டும் கேட்டுக்கொள்ளும் வீட்டிலிருந்து. முதல் வருஷம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். நியூட்டுக்கு வாசல் மாற எத்தனையோ தலைமுறை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஒரு பிறவி. மாற்றிக்கொண்டேன்.

அதற்கு ஒரு விலை உண்டு. நியூட்டைத் தின்கிற பாம்புகள் சில இருக்கின்றன. அவற்றின் வாசலும் மாறியிருக்கிறது. ஆனால் அதிகம் தாங்குகிற பாம்பு மெதுவாகத்தான் ஊரும். விஷத்தை வெளியே நிறுத்துகிற வாசல், வேண்டிய சேதியையும் கொஞ்சம் தாமதமாகத்தான் விடுகிறது. நான் சிரிப்பதில்லை என்று பத்தியில் மூன்று தடவை எழுதிவிட்டீர்கள்.

எல்லா வாசலும் மாறிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் மாறவில்லை. இங்கே வர அழைப்பு வந்த அன்று, நம் வீட்டு விருந்தில் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னேன். நீங்கள், "அப்ப என் மூக்குக்கண்ணாடியை யார் தேடுவாங்க?" என்றீர்கள். மேஜையே சிரித்தது. பல் டாக்டருக்குப் புரையேறியது. போன கடிதத்திலும் அதே மூக்குக்கண்ணாடி வந்திருக்கிறது.

கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பல் வலி அதிகமாகிவிட்டது.

நான்


ஏப்ரல் 8

உன் கடிதம் கிடைத்தது.

நீ அங்கே இன்னும் இரண்டு வருஷம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நீ வருவதும் பிடிக்கவில்லை.

வீடு நன்றாக இல்லை. எழுதி முடித்ததும் உன் நாற்காலிப் பக்கம் திரும்புகிறேன். பிறகு பின்னறைக்குப் போகிறேன்.

நான் அங்கே வரட்டுமா? என் வேலைக்கு ஒரு மேஜை போதும். பத்தியைத் தபாலில் அனுப்பலாம். இதை நான் முதலிலேயே யோசித்திருக்கலாம். தோன்றவில்லை.

எட்டும் சாப்பிடுகின்றன. பல்லை உடனே காட்டு.


ஏப்ரல் 12

ஏங்க,

நேற்று உங்களைக் கூப்பிட்டுவிட்டுப் பாதியில் போனை வைத்துவிட்டேன். எனக்குப் பதற்றம். இப்போது பரவாயில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒரு வேடிக்கை இல்லை. கடைசியில் கையெழுத்துக்கூட இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில், உங்கள் அப்பா போன அன்றுகூட இப்படி எழுதியது கிடையாது. கையைக் கழுவாமல் வாயில் வைத்துவிட்டீர்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். உதடு மரத்துப்போவதுதான் முதல் அறிகுறி. அதனால்தான் முதலில் பல் டாக்டருக்குப் போன் செய்தேன்.

உங்கள் கேள்விக்கு யோசித்து எழுதுகிறேன். போனில் சொன்னால் தப்பாக வந்துவிடும்.

நான்


ஏப்ரல் 18

அம்மணிக்கு,

நடந்ததைக் கேள். மாலையில் பின்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். கதவு இடிகிற சத்தம். பல் டாக்டர், காலில் செருப்பில்லை, கையில் டார்ச்.

"உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க. உதடு மரத்துப்போச்சா?"

"இல்லையே."

"நாக்கை நீட்டுங்க. மூச்சு வருதா? கொஞ்சம் வாயைத் திறங்க."

திறந்தேன். தொட்டிக்குள் ஒன்றும் திறந்தது. அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவருக்குப் பரவாயில்லை, உங்களுக்குத்தான் ரெண்டு சொத்தை இருக்கு" என்றார்.

அப்புறம் நீ கூப்பிட்டாய். அவசரத்துக்கு மட்டும் போன் என்ற சட்டத்தைப் போட்ட நீயே மீறிவிட்டாய் என்று சொல்ல வாயெடுத்தேன். உன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு நிறுத்திக்கொண்டேன். மூன்றாவது நிமிஷம் தாண்டியும் சண்டை வரவில்லை. நாம் இரண்டு பேரும் பேசவே இல்லை என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஒருவன் வாழ்க்கையில் ஒரே ஒரு கடிதம் ஒழுங்காக எழுதினால், பெண்டாட்டி டாக்டரை அனுப்புகிறாள். இதைப் பத்தியில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றாக வந்திருக்கும். அது வேறு விஷயம்.

மேலாளரம்மா வந்து பஞ்சால் ஒற்றி எடுத்துப் போனார். கூரை முடிந்துவிட்டதாம், வெள்ளிக்கிழமை எட்டையும் அழைத்துக்கொண்டு போகிறார். பின்னறை காலியாகப் போகிறது. அக்காவிடம், நான் உன்னிடத்துக்கு வருவதாகக் கேட்டிருக்கிறேன் என்று சொன்னேன். "அவ வரச் சொன்னாளா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "இல்லைன்னு சொல்லிட்டா மூஞ்சியை எங்கடா வச்சுக்குவே?" என்றாள். "தெரியலைக்கா" என்றேன், கேலி கலக்காமல். இது எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் முதல் தடவை. அவளே பயந்துபோய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

மூக்குக்கண்ணாடி கிடைத்துவிட்டது. நானே தேடி எடுத்தேன். எங்கே இருந்தது என்று மட்டும் கேட்காதே.

காத்திருக்கிறேன்.


ஏப்ரல் 26

ஏங்க,

இரண்டு வருஷத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

வீட்டில் இரண்டு அறை. ஜன்னலோரம் ஒரு மேஜை இருக்கிறது, ஒரு கால் கொஞ்சம் குட்டை, அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். வெளிச்சம் நன்றாக வரும். மேஜை போதும் என்று எழுதியிருந்தீர்கள், அது பொய். உங்களுக்கு வம்பும் வேண்டும். மேல்வீட்டுக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் மாடிப்படிக்கு அடியில் யார் சைக்கிளை வைப்பது என்று தினமும் சண்டை போடுகிறார்கள். நான் யார் பக்கமும் இல்லை. நீங்கள் வந்த இரண்டாம் நாள் இரண்டு பக்கமும் இருப்பீர்கள்.

வீட்டு விஷயத்தைப் பத்தியில் எழுதினால் முதலில் எனக்குப் படித்துக் காட்டவேண்டும். 'ம்' என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம். இதுவரையிலும் அதுதான் அர்த்தம்.

இரண்டு சொத்தையையும் அங்கேயே அடைத்துக்கொண்டு வாருங்கள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள், அங்கேதானே இருந்தது?

என் பல்லுக்கு நேற்றுப் போனேன். இங்கே இருக்கிற பல் டாக்டர் பெரியவர், சிரிக்காத முகம். ஊசி போட்டார். பாதி வாய் மரத்துப்போனது. எந்த வாசல் அடைபடுகிறது என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் குனிந்தார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார், "கொஞ்சம் வாயைத் திறங்க" என்றார்.

திறந்தேன். நியூட்டுக்குச் சொன்ன மாதிரி ஆறு மாசம் கழித்து வரச் சொல்வார் என்று நினைத்தேன். அவ்வளவுதான். சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூட முடியவில்லை, அவர் விரல் உள்ளே. கண்ணீர் காது வரைக்கும் ஓடுகிறது. அவர் பயந்துபோய்க் கருவியைக் கீழே வைத்தார்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன். பேச்சு குழறிக் குழறித்தான் வந்தது.

"இல்ல டாக்டர், இது மார்ச் மாசத்துச் சிரிப்பு. இப்பதான் வந்து சேர்ந்துது."